இந்த பொசிஷன் நிஜ ஆட்டத்துல வருமா? செஸ் போர்டை பின்னாடி ஓட்டிப் பாக்குறது எப்படி

சென்னைல இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு செஸ் போர்டு படம் கண்ணுல பட்டுடும். 2022-ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்போ நேப்பியர் பாலத்துக்கே கருப்பு வெள்ளை கட்டம் அடிச்ச ஊரு இது, 2024-ல குகேஷ் உலக சாம்பியன் ஆனதுக்கப்புறம் கேக்கவே வேணாம், கோச்சிங் கிளாஸ் ஃப்ளெக்ஸ்ல இருந்து ஸ்கூல் காம்பவுண்டு சுவர் வரைக்கும் ராஜா ராணி குதிரைதான். அடுத்த தடவை சிக்னல்ல நிக்கும்போது அந்தப் படத்தை கொஞ்சம் உத்துப் பாருங்க. ரெண்டு ராஜாவும் பக்கத்து பக்கத்து கட்டத்துல நிப்பாங்க, இல்லன்னா கடைசி வரிசைல ஒரு பான் (சிப்பாய்) நிக்கும், இல்லன்னா போர்டையே திருப்பி வரைஞ்சிருப்பாங்க (ஆடுறவங்க வலது கை மூலைல வெள்ளைக் கட்டம் வரணும், வரையுறவங்க இதை கண்டுக்கவே மாட்டாங்க).

இதெல்லாம் பாத்த உடனே மாட்டுற கேஸ். இன்னொரு வகை இருக்கு, பாக்க ரொம்ப டீசண்டா இருக்கும், ராஜா சேஃப், காய் எண்ணிக்கை சரி, ஆனா தொடக்கத்துல இருந்து எப்படி ஆடினாலும் அந்த இடத்துக்கு வரவே முடியாது. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் இந்த புதிர். உலக செஸ் அமைப்பான ஃபிடேயோட ரூல் புக்கு படி, ரூல்படி ஆடுற எந்த மூவ் வரிசையாலயும் வர முடியாத பொசிஷன்தான் இல்லீகல், அவ்ளோதான் டெஃபனிஷன். இதுல ஒரு விஷயத்தை ஆரம்பத்துலயே மண்டைல ஏத்திக்கணும்: ஆட்டம் புத்திசாலித்தனமா இருக்கணும்னு யாரும் கேக்கல. ராணியை சும்மா தூக்கிக் குடுத்துட்டு குதிரையை ஊர் சுத்த விட்டு ஆடினாலும் ரூலுக்குள்ள இருந்தா போதும். "இப்படி எவன் சார் ஆடுவான்" அப்படிங்கறது இங்க பதிலே கிடையாது, நல்லா ஆடுறவங்கதான் இந்த இடத்துல முதல்ல தடுமாறுவாங்க, ஏன்னா அவங்க மூளை நல்ல மூவை மட்டும்தான் தேடும். ரேட்டிங்கே இல்லாத, ஆனா கணக்கு நல்லா வர்ற ஆளு இதுல சீக்கிரம் முன்னேறிடலாம், அதனாலதான் எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும்.

கட்டத்தை எல்லாம் ஏ1, ஹெச்8 அப்படின்னே எழுதுறேன், வெள்ளைக்கு இடது கை மூலை ஏ1. வீட்ல யானைன்னு சொல்றது இங்க ரூக், மந்திரி இங்க பிஷப், சிப்பாய் இங்க பான். போன்லயே பாக்கலாம், ஆனா ஒரு நிஜ போர்டு இருந்தா நல்லது, சுருட்டி வைக்கிற வினைல் போர்டே போதும், காயை கையால எடுத்து பின்னாடி வைக்கும்போதுதான் நிறைய விஷயம் புரியும்.

முதல்ல அஞ்சு செகண்டுல பாக்க வேண்டியது. ரெண்டு பக்கமும் ஒரே ஒரு ராஜா. ஒரு பக்கத்துக்கு 16 காய்க்கு மேல கூடாது, 8 பானுக்கு மேல கூடாது, ஒண்ணாவது வரிசைலயும் எட்டாவது வரிசைலயும் பான் கூடாது. ரெண்டு ராஜாவும் ஒரே நேரத்துல செக்ல இருக்கக் கூடாது. யாரு மூவ்னு குடுத்திருந்தா எதிராளி ராஜா செக்ல இருக்கக் கூடாது. ஆப்ல இருக்கிற போர்டு எடிட்டரும் இந்த மாதிரி மேலோட்டமாதான் செக் பண்ணும், அதுல பாஸ் ஆயிடுச்சுன்னா பொசிஷன் நிஜமா வரும்னு அர்த்தம் கிடையாது. எஞ்சினும் (தானா செஸ் ஆடுற புரோகிராம்) அப்படித்தான், ஸ்டாக்ஃபிஷ் மாதிரி ஒண்ணுகிட்ட குடுத்தா அடுத்து என்ன ஆடணும்னு சொல்லும், இது வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு அதுக்குக் கவலையே இல்ல. மனுஷன் அங்கதான் ஜெயிக்கிறாரு.

அடுத்தது ப்ரமோஷன் கணக்கு, அதாவது கடைசி வரிசையை எட்டின பான் ராணி, ரூக், பிஷப், குதிரைல ஒண்ணா மாறுறது. ராணி ஒண்ணு, ரூக் ரெண்டு, குதிரை ரெண்டு, பிஷப் ரெண்டு, இதுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு காயும் ஒரு பானை சாப்பிட்டிருக்கும். ரெண்டு ராணி இருந்து 8 பானும் இருந்தா அங்கயே முடிஞ்சது. இதுல நைசா ஒளிஞ்சிருக்கிற ஒண்ணு, பிஷப் ரெண்டுதான் இருக்கும், ஆனா ரெண்டுமே வெள்ளைக் கட்டத்துல நிக்கும், எண்ணிக்கை சரின்னு விட்டுடுவோம். அதுல ஒண்ணு கண்டிப்பா ப்ரமோஷன்ல வந்தது, அப்ப ஒரு பானாவது கம்மியா இருக்கணும். அதுக்காக ராணி நிறைய இருந்தாலே இல்லீகல்னு நினைக்காதீங்க. செஸ் புதிர் போடுறவரான நெனாட் பெட்ரோவிச் 1964-ல ஒரு பொசிஷன் போட்டாரு, வெள்ளைக்கு 9 ராணி, ஒரே பொசிஷன்ல 218 மூவ் ஆடலாம், பாத்தா கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா லீகல்.

இப்ப கொஞ்சம் மெதுவா போவோம், ஏன்னா அடுத்தது என் ஃபேவரிட்.

எங்க அப்பார்ட்மெண்ட்ல கீழ் வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறான், வாரத்துல நாலு நாள் செஸ் கிளாஸ், ஓப்பனிங் எல்லாம் பத்து மூவ் வரைக்கும் மனப்பாடம். ஒரு நாள் அவன் முன்னாடி போர்டுல காயை தொடக்கத்துல அடுக்குற மாதிரி அப்படியே அடுக்கி வச்சிட்டு, "இப்ப கருப்பு மூவ், இந்த பொசிஷன் வருமா" அப்படின்னு கேட்டேன். "அங்கிள், ஆட்டமே ஆரம்பிக்கலையே, இதுல என்ன புதிர்"ன்னான் (அங்கிள்னுதான் கூப்புடுறானுங்க, என்ன பண்றது). கொஞ்ச நேரம் கழிச்சு "குதிரையை வெளிய விட்டு திருப்பி வீட்டுக்கு கொண்டு வந்தா வருமே"ன்னான். நல்ல யோசனை, ஆனா அது தேறாது, ஏன்னு பாருங்க.

32 காயும் போர்டுல இருக்கு, அப்ப ஒரு வெட்டும் நடக்கல. பான் எல்லாம் அதோட வீட்ல இருக்கு, பான் பின்னாடி வராது, அதனால ஒரு பானும் அசையவே இல்ல. பான் அசையலன்னா பிஷப், ராணி, ராஜா மூணும் வெளிய வர வழியே இல்ல. மிச்சம் யாரு, குதிரையும் ரூக்கும் மட்டும்தான். ரூக் என்ன பண்ண முடியும், குதிரை வெளிய போயிருக்கும்போது ஏ1-ல இருந்து பி1-க்கு போயிட்டு திரும்ப வரலாம், அந்தப் பக்கம் ஹெச்1-ல இருந்து ஜி1, அவ்ளோதான், திரும்பி வீட்டுக்கு வரணும்னா இரட்டைப்படை மூவ்தான். குதிரை ஒவ்வொரு மூவுக்கும் கட்டத்தோட கலரை மாத்தும், கருப்புல இருந்து வெள்ளை, வெள்ளைல இருந்து கருப்பு. வீட்டுக்கே திரும்பினா இரட்டைப்படை. ரெண்டு குதிரையும் வீட்டை மாத்திக்கிட்டாங்கன்னு வச்சுக்குவோம், பி1-உம் ஜி1-உம் வேற வேற கலர், அப்ப ஒவ்வொண்ணும் ஒற்றைப்படை, ரெண்டையும் கூட்டினா மறுபடி இரட்டைப்படை. ஆக வெள்ளை மொத்தமா ஆடினது இரட்டைப்படை மூவ். இதே கணக்கு கருப்புக்கும். ஆனா கருப்பு மூவ்னா வெள்ளை கருப்பை விட ஒரு மூவ் கூட ஆடியிருக்கணும். இரட்டைப்படையோட ஒண்ணைக் கூட்டினா இரட்டைப்படை வராதே. முடிஞ்சது, இந்த பொசிஷன்ல கருப்பு மூவ் அப்படிங்கறது வரவே வராது.

இதை கொஞ்சம் மாத்திப் பாத்தா இன்னும் சுவாரஸ்யம். எல்லாம் தொடக்க இடத்துல, வெள்ளையோட ஏ பான் மட்டும் ஏ3-ல, இப்ப வெள்ளை மூவ். வருமா? பான் ஒரு மூவ், ரூக்குக்கு கூடுதலா ஏ2 கட்டம் கிடைச்சிருக்கு, ஆனா அங்க போயிட்டு ஏ1-க்கே திரும்பணும், அதுவும் ரெண்டு மூவ். மொத்தம் ஒற்றைப்படை. கருப்பு இரட்டைப்படை. வெள்ளை மூவ்னா ரெண்டு பேரும் சமமா ஆடியிருக்கணும், ஒத்துப்போகல, வராது. அதே பானை ஏ4-ல வைங்க, இப்ப வரும், ஏன்னா ஒரே தாவுல ஏ4 போகலாம் இல்ல ஏ3 போயிட்டு ஏ4 போகலாம், ஒரு மூவை நம்ம இஷ்டத்துக்கு கூட்டிக்கலாம். இ3-ல பான் இருந்தாலும் வரும், ராணி டி1, இ2, எஃப்3, திரும்ப டி1 அப்படின்னு மூணு மூவ்ல ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடும், ஒற்றைப்படை கிடைச்சாச்சு. ஆக பழகிக்க வேண்டிய கேள்வி இதுதான்: யாரால ஒரு மூவை வீணடிக்க முடியும்? யாராலயும் முடியலன்னா ஒற்றை இரட்டை கணக்கைப் போடுங்க.

அடுத்தது வெட்டுக் கணக்கு, மளிகைக் கடை நோட்டுல வரவு செலவு பாக்குற மாதிரி. பான் நேரா போகும், பக்கத்து ஃபைலுக்கு (மேலும் கீழுமா போற கட்ட வரிசைக்கு) மாறணும்னா எதையாவது வெட்டியே ஆகணும். அதனால பான் நிக்கிற இடத்தை வச்சு அந்தப் பக்கம் குறைஞ்சது எத்தனை வெட்டு வெட்டியிருக்கணும்னு சொல்லிடலாம், அது செலவு. எதிராளிக்கு எத்தனை காய் காணாம போயிருக்குன்னு எண்ணுங்க, அது வரவு. செலவு வரவைத் தாண்டினா பொசிஷன் இல்லீகல். எந்த பான் எந்த வீட்ல இருந்து கிளம்புச்சுன்னு நமக்குத் தெரியாது, அதனால எப்பவும் ரொம்பக் குறைவா வர்ற மாதிரி பிரிச்சு எண்ணணும், இஷ்டத்துக்கு அதிகமா எண்ணிட்டு இல்லீகல்னு சொல்லக் கூடாது.

இதுக்கு ஒரு அட்டகாசமான உதாரணம், ஏ ஃபைல்ல வெள்ளை பான் ஆறு, ஏ2-ல இருந்து ஏ7 வரைக்கும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு. ஏ2 அதோட வீடு, வெட்டு இல்ல. ஏ3-ல நிக்கிறது பி2-ல இருந்து வந்தது, ஒரு வெட்டு. ஏ4-ல இருக்கிறது சி2-ல இருந்து, ரெண்டு. ஏ5 மூணு, ஏ6 நாலு, ஏ7-ல இருக்கிறது எஃப்2-ல இருந்து குறுக்கா வெட்டிக்கிட்டே வந்தது, அஞ்சு. கூட்டிப் பாருங்க, 15. கருப்புகிட்ட ராஜாவை விட்டா இருக்கிறதே 15 காய்தான்! அப்ப இந்த பொசிஷன்ல கருப்புக்கு ஒத்தை ராஜாவைத் தவிர ஒரு குதிரை கூட மிச்சம் இருக்கக் கூடாது, இருந்தா இல்லீகல். வேற எதையும் பாக்க வேணாம், போர்டுல மத்த காய் எங்க இருக்குன்னு கூட கேக்க வேணாம்.

இதோடயே இன்னொரு கணக்கு ஒட்டி வரும், பான் ஒரு வெட்டுக்கு ஒரு வரிசை மேல போகும், அதனால மூணாவது வரிசைல இருக்கிற வெள்ளை பான் ஒரு ஃபைலுக்கு மேல நகர்ந்திருக்க முடியாது. ஏ2, பி2, ஏ3 மூணுலயும் வெள்ளை பான் இருந்தா எத்தனை காய் காணாம போயிருந்தாலும் பொசிஷன் இல்லீகல், ஏ3-க்கு வரக்கூடிய ரெண்டு பானும் வீட்லயே தூங்குதே.

பான் ப்ரமோட் ஆகணும்னா எதிர் பானைத் தாண்டணும், அதுக்கும் வெட்டு வேணும். ஆனா நினைக்கிற அளவுக்கு நிறைய வேண்டியதில்ல, பக்கத்து பக்கத்து ரெண்டு ஃபைலை எடுத்துக்கிட்டா வெள்ளை ஒரு வெட்டு, கருப்பு ஒரு வெட்டு, நாலு பானுக்கும் வழி கிடைச்சிடும், அப்படியே போனா 8 வெட்டுல 16 பானும் ப்ரமோட் ஆகலாம். போர்டுல 18 ராணி கூட வரலாம் (எதிர்ல உக்காந்திருக்கிறவன் எழுந்து போயிடுவான், அது வேற விஷயம்).

வரவு செலவு பாக்கும்போது ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதுதான் பிஷப். காணாம போன காய் எல்லாத்தையும் வரவுல எழுதக் கூடாது, அந்தக் காய் அந்த இடத்துல வெட்டுப்பட்டிருக்கவே முடியுமான்னு கேக்கணும். ஒரு பொசிஷன் சொல்றேன், போர்டுல வச்சுப் பாருங்க. வெள்ளைக்கு 15 காய், சி1-ல இருக்க வேண்டிய பிஷப் மட்டும் இல்ல, பி2, டி2 பான் ரெண்டும் வீட்லயே இருக்கு. கருப்புக்கு 16 காயும் இருக்கு, ஆனா சி7-ல பான் இல்ல, அதுக்குப் பதிலா டி6-லயும் டி7-லயும் ரெண்டு பான், மத்த பான் எல்லாம் ஏழாவது வரிசைல. சாதாரணமா எண்ணினா கருப்பு ஒரு வெட்டு வெட்டியிருக்கு, சி7 பான் டி6-ல, வெள்ளைக்கு ஒரு காய் காணோம், சரியா போச்சு. கலர் கூட ஒத்துப்போகுது, சி1 பிஷப் கருப்புக் கட்டத்துல ஓடுறது, டி6 கருப்புக் கட்டம். ஆனா பி2, டி2 அசையாம இருக்கும்போது சி1 பிஷப் வீட்டை விட்டு எப்படி வெளிய வரும்? அது சி1-லயே வெட்டுப்பட்டிருக்கணும், ஏதோ ஒரு கருப்பு குதிரையோ ரூக்கோ உள்ள வந்து அடிச்சிருக்கணும். அப்ப டி6-ல பான் எதை வெட்டுச்சு? ஒண்ணுமே இல்ல. இல்லீகல்.

டி2 பானை டி3-க்கு ஒரே ஒரு கட்டம் நகர்த்துங்க, கதவு திறந்துடும், பிஷப் வெளிய வரும், டி6-ல போய் செத்துடும், பொசிஷன் லீகல். இந்த மாதிரி ஒரே ஒரு காயை ஒரு கட்டம் தள்ளினா விடை மாறுற பொசிஷன்தான் நல்ல புதிர்னு நான் சொல்லுவேன், போர்டு முழுக்க ராணியா அடுக்கி வச்சு பயமுறுத்துறது எல்லாம் ரெண்டாம் தரம்.

இதையே திருப்பிப் போட்டா, பி2, டி2 பான் வீட்ல இருக்கு, ஆனா வெள்ளையோட கருப்புக் கட்ட பிஷப் ஜி5-ல ஜாலியா நிக்குது. அப்ப அது பிறந்த பிஷப் கிடையாது, ப்ரமோஷன்ல வந்தது, எட்டாவது வரிசைல கருப்புக் கட்டமான பி8, டி8, எஃப்8, ஹெச்8 இதுல ஏதோ ஒண்ணுல பிறந்திருக்கணும், ஒரிஜினல் சி1-லயே செத்திருக்கணும். 8 பானும் இருந்தா இல்லீகல், 7 இருந்தா வழி இருக்கு. அப்புறம் சின்னதா ஒண்ணு, பி2-ல வெள்ளை பான் இருக்கும்போது ஏ1-ல வெள்ளை பிஷப் நின்னா, பிறந்ததோ ப்ரமோட் ஆனதோ, எதுவும் அங்க போயிருக்க முடியாது, அந்த மூலைக்கு இருக்கிற ஒரே வழி பி2 வழியாத்தான்.

இப்ப கடைசி மூவ். ராஜா செக்ல இருக்குன்னா அந்த செக் இப்பதான், கடைசி மூவ்லதான் வந்திருக்கணும். அதுக்கு முன்னாடியே இருந்திருந்தா எதிராளி செக்கை கவனிக்காம வேற ஆடியிருக்காருன்னு அர்த்தம், அது ரூல்ல இல்ல. அதனால செக் பாத்த உடனே கேக்க வேண்டியது, இந்தக் காய் எங்க இருந்து வந்து இங்க நின்னுச்சு?

மூணே காய்ல ஒரு இல்லீகல் பொசிஷன் காட்டுறேன். வெள்ளை ராஜா ஏ1, வெள்ளை பிஷப் ஹெச்1, கருப்பு ராஜா ஏ8, கருப்பு மூவ். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பிஷப் பெரிய டயகனல்ல (மூலைக்கு மூலை போற குறுக்குக் கோட்டுல) செக் குடுக்குது. கடைசியா ஆடினது வெள்ளை. பிஷப் ஆடியிருந்தா ஹெச்1-க்கு அதே டயகனல்லதான் வந்திருக்க முடியும், அது மூலை, வேற வழி கிடையாது, அந்த டயகனல்ல எங்க இருந்து கிளம்பியிருந்தாலும் அங்க இருந்தே ஏற்கனவே செக் குடுத்துட்டுதான் இருந்திருக்கும். அப்ப ராஜா ஆடியிருக்கணும், ஆனா ஏ1-க்கு பக்கத்துல இருக்கிற ஏ2, பி1, பி2 எதுவும் அந்த டயகனல்ல இல்ல, அதனால ராஜா நகர்ந்து வழி திறந்துச்சுன்னும் சொல்ல முடியாது. ஆடின காய் போர்டை விட்டுப் போயிருக்காது, அதுக்கப்புறம் கருப்பு இன்னும் ஆடவே இல்லையே. எல்லா வழியும் மூடியாச்சு, இல்லீகல். பிஷப்பை ஜி2-க்கு மாத்துங்க, எஃப்1-ல இருந்தோ ஹெச்3-ல இருந்தோ வந்திருக்கலாம், லீகல். இல்ல பிஷப் ஹெச்1-லயே இருக்கட்டும், வெள்ளை ராஜாவை பி6-ல வைங்க, இப்பவும் லீகல், ராஜா சி6-ல டயகனலை மறைச்சு நின்னுட்டு பி6-க்கு நகர்ந்திருக்கு, அதுவும் அந்த ஒரு மூவ்தான் முடியும், வேற எதுவும் தேறாது. கடைசி மூவ் என்னன்னு ஆட்டத்தைப் பாக்காமலே அடிச்சு சொல்றோம் பாருங்க, முதல் தடவை இதைப் பண்ணும்போது ஒரு கெத்து வரும்.

டபுள் செக்னா (ஒரே நேரத்துல ரெண்டு காய் செக் குடுக்குறது) இன்னும் நல்லது, வழி ரொம்ப கம்மியா இருக்கும். ரெண்டு குதிரை சேந்து டபுள் செக், ரெண்டு பான் சேந்து டபுள் செக், வராது. ஒரே நேரத்துல மூணு காய் செக், வரவே வராது. இரண்டாவது வரிசைல வீட்லயே இருக்கிற வெள்ளை பான் கருப்பு ராஜாவுக்கு செக் குடுக்கிற மாதிரி இருந்தா, அந்த பான் பிறந்ததுல இருந்து அசையல, அப்ப ராஜாதான் வந்து செக்ல மாட்டியிருக்கணும், இல்லீகல். ரெண்டு ரூக் டபுள் செக்? இதுலதான் நிறைய பேர் "முடியாது"ன்னு அவசரப்படுவாங்க. கருப்பு ராஜா டி8, வெள்ளை ரூக் ஒண்ணு டி1-ல, டி ஃபைல் காலி, இன்னொரு ரூக் சி8-ல. ரூக் சாதாரணமா நகர்ந்து இந்த நிலைமை வராது, உண்மைதான். ஆனா டி7-ல ஒரு வெள்ளை பான் ஃபைலை மறைச்சு நின்னுச்சு, சி8-ல இருந்த கருப்புக் காயை வெட்டி ரூக்கா ப்ரமோட் ஆச்சு, ரெண்டு செக்கும் ஒரே நேரத்துல வந்துடுச்சு. லீகல், கூடவே சி8-ல ஒரு கருப்புக் காய் வெட்டுப்பட்டுச்சுங்கற துப்பும் இலவசமா கிடைச்சுது, அதை எடுத்து வெட்டுக் கணக்குல எழுதிக்கலாம்.

பின்னாடி ஓட்டும்போது பழகணும், கையால பண்ணும்போது சில விஷயம் குழப்பும். காய் எல்லாம் முன்னாடி போற மாதிரியே பின்னாடியும் போகும், பான் மட்டும் தலைகீழ், வெள்ளை பான் கீழ இறங்கும். மூவை திருப்பும்போது அந்தக் கட்டத்துல ஒரு எதிராளி காயை புதுசா முளைக்க வைக்கலாம் (அது வெட்டு), ஆனா முளைக்க வைக்கிற காயையும் கணக்குல எழுதணும், 16-ஐத் தாண்டக் கூடாது. பான் குறுக்கா பின்னாடி போனா காய் முளைச்சே ஆகணும், நேரா போனா முளைக்கக் கூடாது. ஒவ்வொரு மூவ் திருப்பினதுக்கப்புறமும் மறுபடி அந்த அஞ்சு செகண்டு செக்கிங். தாம்பரம் பீச் லோக்கல்ல உக்காந்து போன்ல பண்ணுறவங்க எடிட்டர்ல மூவை திருப்பத் திருப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, கிண்டி வர்றதுக்குள்ள எங்க இருந்தோம்னு மறந்துடும்.

கேஸ்லிங் (அதுவரைக்கும் அசையாத ராஜாவும் ரூக்கும் ஒரே மூவ்ல சேந்து இடம் மாறுறது), ஆன் பாஸான் (ரெண்டு கட்டம் தாவின எதிர் பானை, ஒரு கட்டம் மட்டும் போன மாதிரி உடனே நம்ம பான் வெட்டுறது) ரெண்டுக்கும் புதிர் உலகத்துல தனி வழக்கம் இருக்கு. 1958-ல பிரான்ங்கற ஊர்ல (இப்ப ஸ்லோவேனியால இருக்கு) புதிர் போடுறவங்க கூடி வகுத்த விதிமுறைல இருந்து இது வருது. கேஸ்லிங் முடியாதுன்னு நிரூபிக்காத வரைக்கும் முடியும்னு எடுத்துக்கணும். ஆன் பாஸான் நேர்மாறு, கடைசி மூவ் அந்த ரெண்டு கட்டத் தாவல்தான்னு நிரூபிச்சாதான் வெட்டலாம். இதை வச்சு வர்ற புதிர்ல ஒண்ணு, வெள்ளை மூவ், கருப்புக்கு ராஜா இ8, ரூக் ஏ8, அப்புறம் நாலஞ்சு பான், எல்லாமே ஏழாவது வரிசைல. கருப்பு கேஸ்லிங் பண்ணி தப்பிச்சிடுமோன்னு பயப்படுவோம். ஆனா இப்ப வெள்ளை மூவ்னா கடைசியா ஆடினது கருப்பு, பான் ஒண்ணும் அசையல, அப்ப ஆடினது ராஜா இல்லன்னா ரூக். எது ஆடியிருந்தாலும் கேஸ்லிங் போச்சு. ரெண்டு மூவ்ல மேட்னு குடுத்திருக்கிற சில புதிருக்கு விடையே இதை கவனிச்சாதான் வரும், எஞ்சின்ல போட்டா கேஸ்லிங் உரிமை இருக்கா இல்லையான்னு நம்மதான் டிக் பண்ணணும், தப்பா டிக் பண்ணா தப்பான விடை.

இல்லீகல்னு சொல்றதுக்கு ஒரு நல்ல காரணம் போதும், லீகல்னு சொல்றதுதான் கஷ்டம். "எனக்கு தப்பு ஒண்ணும் தெரியல" அப்படிங்கறது ஆதாரம் ஆகாது, தொடக்கத்துல இருந்து அந்த பொசிஷன் வரைக்கும் ஒரு முழு ஆட்டத்தை ஆடிக் காட்டணும். ஜான் ட்ராம்ப் அப்படிங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் லீகல் பொசிஷன் மொத்தம் எவ்வளவு இருக்கும்னு மதிப்பிட்டாரு, சும்மா போர்டுல காயைத் தூவின மாதிரி பொசிஷனை எடுத்து ஒவ்வொண்ணா லீகலா இல்லையான்னு பாத்து, அந்த விகிதத்தை வச்சு மொத்தத்தைக் கணக்குப் போட்டாங்க. சுமார் 48-க்கு பின்னாடி 43 சைபர் போட்ட அளவு வந்துச்சு. அந்த வேலைல நேரத்தை சாப்பிட்டிருக்கக் கூடியது எதுன்னு நீங்களே யூகிக்கலாம், லீகல்னு சொல்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடிக்கணும்.

நமக்கு அந்த அளவுக்கு வேணாம். நம்ம போடுற ஆர்டர் இது: அஞ்சு செகண்டு செக்கிங், செக் இருந்தா கடைசி மூவ், அப்புறம் வீட்லயே இருக்கிற பானைப் பாத்து எந்த பிஷப் பூட்டி இருக்கு, அப்புறம் வெட்டுக் கணக்கு, எதுவும் மாட்டலன்னா ஒற்றை இரட்டை. ஒற்றை இரட்டை கணக்கு காய் நிறைய வீட்ல இருக்கும்போதுதான் உதவும், நடு ஆட்டத்துல யாராவது ஒருத்தரால மூவை வீணடிக்க முடியும், அங்க அதுல நேரம் செலவு பண்ணாதீங்க.

நீங்களே புதிர் போடணும்னா லீகலான ஒரு பொசிஷன்ல இருந்து ஆரம்பிச்சு ஒரே ஒரு காயை தள்ளி அதை உடைக்கப் பாருங்க, அப்படியே நல்ல புதிர் கிடைக்கும். போடுறதுக்கு முன்னாடி யாரு மூவ்னு கண்டிப்பா எழுதுங்க, அது எழுதாததால சண்டை வந்த க்ரூப் எல்லாம் எனக்குத் தெரியும்.

ஒண்ணு குடுத்துட்டுப் போறேன். எல்லாக் காயும் தொடக்க இடத்துல, கருப்போட ராணிப் பக்கத்து ரூக்கும் குதிரையும் மட்டும் இடம் மாறி நிக்குது, ஏ8-ல குதிரை, பி8-ல ரூக். யாரு மூவ்னு குடுக்கல. யாரோட மூவா இருந்தா இது வரும்? குதிரையை மட்டும் எண்ணிட்டு பதில் சொல்லிடாதீங்க, ரூக்கும் நகர்ந்திருக்கு.